ஓட்டுப் போடாத அமெரிக்கர்கள்: சோம்பலா, வேறு ஏதாவதா?

கேள்வி, 8 நவம்பர் 2024 (கரூரிலிருந்து ஒரு வாசகர்)

டிரம்ப் ஜெயித்த கதையை எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு வேறு சந்தேகம். அமெரிக்காவில் மூன்று பேரில் ஒருவர் ஓட்டே போடுவதில்லையாமே? 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் கரூர் மாவட்டம் 83 சதவீதத்தைத் தாண்டியது. நடக்க முடியாத கிழவியைக்கூடத் தூக்கி வந்து ஓட்டுப் போட வைக்கிற ஊர் இது. அவ்வளவு படித்த, வசதியான நாட்டில் இப்படி என்றால் சோம்பேறித்தனம்தானே? அங்கே இருக்கிறவர்கள் சொல்லுங்கள்.

9 நவம்பர் 2024

முதலில் கணக்கு. நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற இரண்டு சதவீதமும் ஒன்றல்ல. கரூரில் பட்டியலில் பெயர் இருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். இங்கே சொல்லப்படும் எண், பட்டியலில் இருக்கிறாரோ இல்லையோ, ஓட்டுரிமை உள்ள எல்லாக் குடிமக்களாலும் வகுத்தது. அந்தக் கணக்கில் 2020ல் சுமார் 66 சதவீதம். 1900க்குப் பிறகு அதுதான் உச்சம். இந்த முறை எண்ணிக்கை இன்னும் முடியவில்லை, 64 பக்கம் வரும் போலிருக்கிறது. ஜனாதிபதித் தேர்தல்களுக்கு நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்களில் இன்னும் மோசம். 2014ல் 37கூட எட்டவில்லை, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை.

பட்டியல் என்பதே இங்கே வேறு சமாச்சாரம். நம் ஊரில் வீட்டுக்கு ஆள் வந்து விவரம் கேட்டுப் போவார். இங்கே யாரும் வர மாட்டார்கள். பெரும்பாலும் நாமாகப் போய்ப் பதிய வேண்டும். வேறு மாநிலத்துக்கு வீடு மாறினால் மறுபடி முதலிலிருந்து. நான் பதினான்கு வருடத்தில் ஐந்து வீடு மாறியிருக்கிறேன். வடக்கு டகோட்டா ஒன்றில் மட்டும் பதிவு என்கிற ஏற்பாடே இல்லை, 1951லேயே எடுத்துவிட்டார்கள்.

சென்சஸ் துறை தேர்தலுக்குப் பிறகு ஒரு கணக்கெடுப்பு நடத்தும். 2020ல் குடிமக்கள் நூறு பேரில் 73 பேர் பதிந்திருந்தார்கள், 67 பேர் ஓட்டுப் போட்டார்கள். பதிந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பூத்துக்கு வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கரூரையே முந்திவிட்டோம், பாருங்கள். அதனால் என் பதில்: சோம்பல் இல்லை. பட்டியல்தான் தடுக்கிறது. முடிந்தது.

10 நவம்பர் 2024

முடிந்தது என்று எழுதியிருக்கக் கூடாது. கிழமையை விட்டுவிட்டேன்.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. 1845ல் போட்ட சட்டம்: நவம்பர் மாதம் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய். அப்போது விவசாயிகள் குதிரை வண்டியில் கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) தலைநகருக்கு ஒரு நாள் பயணம் போக வேண்டும். ஞாயிறு சர்ச், புதன் சந்தை, இடையில் செவ்வாய்தான் தோது என்று முடிவு செய்தார்கள். குதிரை வண்டி போய்விட்டது, செவ்வாய் போகவில்லை. நாடு முழுவதற்குமான விடுமுறையும் கிடையாது.

என் கதை: நான் சிட்டிசன் ஆனது 2016 வசந்த காலத்தில், டெட்ராய்ட்டில். உறுதிமொழி எடுத்து வெளியே வந்ததும் மேஜை போட்டுப் படிவம் கொடுத்தார்கள், அங்கேயே நிரப்பிக் கொடுத்தேன். நவம்பர் 8 செவ்வாய்க்கிழமை, என் முதல் அமெரிக்கத் தேர்தல். அன்றைக்குப் பார்த்து ஆபீஸில் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். திடீர்ப் பயணம், தபால் ஓட்டுக்கு முன்கூட்டி விண்ணப்பிக்க நேரமில்லை. மிச்சிகனில் அப்போது தபால் ஓட்டுக்குக் காரணமும் சொல்ல வேண்டும். ஓட்டு போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தால் போட்டிருப்பேன்.

11 நவம்பர் 2024

ஹூஸ்டன் நண்பர் பிடித்துவிட்டார். "நீங்கள் இப்போது இருப்பது டெக்சாஸ். இங்கே தேர்தலுக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் முன்கூட்டியே ஓட்டுப் போடலாம், சனி ஞாயிறு உட்பட. அப்புறம் எதற்குக் குதிரை வண்டிக் கதை?" என்கிறார்.

நியாயம். டெக்சாஸில் இந்த முறை பதிந்தவர்கள் ஒரு கோடியே 86 லட்சம், ஓட்டுப் போட்டவர்கள் ஒரு கோடியே 14 லட்சம் பக்கம். 61 சதவீதம். இரண்டு வாரம் கதவைத் திறந்து வைத்தும் பதிந்தவர்களிலேயே பத்தில் நாலு பேர் வரவில்லை. செவ்வாய்க்கிழமையை வாபஸ் வாங்குகிறேன். முந்தாநாள் போட்ட "பத்துக்கு ஒன்பது" கணக்கும் இடிக்கிறது. யோசித்தால் காரணம் தெரிகிறது. சென்சஸ் கணக்கெடுப்பு வாய்வழி. "ஓட்டுப் போட்டீர்களா?" என்று கேட்டால் போடாதவரும் போட்டேன் என்பார். தவிர, பட்டியலில் இறந்தவர், ஊர் மாறியவர் பெயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கும், அது சதவீதத்தைக் கீழே இழுக்கும். நிஜம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ.

14 நவம்பர் 2024

இனி சதவீதம் போதும், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

டெக்சாஸில் மற்றவர்களின் பதிவுப் படிவத்தை வாங்கிச் சேர்ப்பதற்கும் கவுண்டியில் பயிற்சி எடுத்துச் சான்று வாங்க வேண்டும். 'வாலன்டியர் டெபுடி ரிஜிஸ்ட்ரார்' என்று பெயர். பெயரைக் கேட்டால் பெரிய அதிகாரி மாதிரி இருக்கும், செய்வது மடக்கு மேஜைக்குப் பின்னால் நிற்பது. வாங்கிய படிவத்தை ஐந்து நாளுக்குள் கவுண்டியில் சேர்க்காவிட்டால் குற்றம். இணையத்தில் பதியும் வசதி, லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் தவிர, இங்கே இல்லை. தேர்தலுக்கு 30 நாள் முன் பதிவு முடிந்துவிடும். இந்த வருடம் அக்டோபர் 7.

செப்டம்பரில் நாலு சனிக்கிழமை, டாலஸுக்கு வடக்கே ஒரு இந்திய மளிகைக் கடை வாசலில் நின்றேன். உள்ளே சமோசா பொரிகிற வாசனை, வெளியே 38 டிகிரி வெயில். வந்தவர்கள் சொன்னது:

"கிரீன் கார்டுதான் சார்." நிறைய பேர். இவர்கள் தள்ளிப் போவதுதான் சரி. குடிமகன் என்று தவறாகச் சொல்லிப் பதிந்தால் நாடு கடத்தல் வரை போகும். ஒருவர் என் மேஜையைத் தொடக்கூடப் பயந்தார்.

"பதிந்தால் ஜூரிக்குக் கூப்பிடுவார்கள்." அடிக்கடி கேட்டது. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களைக் கோர்ட்டுக்கு அழைப்பதைச் சொல்கிறார்கள். நான் சொன்ன பதில்: டெக்சாஸில் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் ஜூரிக்கு ஆள் எடுக்கிறார்கள், நீங்கள் காரில்தானே வந்தீர்கள்?

"டெக்சாஸில் என் ஓட்டு என்ன செய்துவிடும்?" இதற்குப் பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. 1994க்குப் பிறகு மாநில அளவிலான எந்தப் பதவியையும் டெமாக்ரட் கட்சி ஜெயித்ததில்லை. அந்தக் கட்சிக்காரருக்கு "போட்டு என்ன பயன்?" என்று தோன்றுகிறது, எதிர்க்கட்சிக்காரருக்கு "போடாவிட்டால் என்ன நஷ்டம்?" என்று.

மதுரைக்காரர் ஒருவர் பெயர்ச் சிக்கலோடு வந்தார். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யூ' என்று அடித்துவிடுவார்கள். அது லைசென்ஸிலும் ஏறிவிடும். பத்து வருடம் அவரைக் கிளினிக்கில் "மிஸ்டர் ஃப்னூ" என்றுதான் கூப்பிட்டார்களாம். சிட்டிசன் ஆகும்போது அப்பா பெயரைச் சேர்த்துச் சரியாக்கிக்கொண்டார். ஆனால் லைசென்ஸை மாற்றவில்லை. இப்போது ஓட்டர் கார்டில் ஒரு பெயர், லைசென்ஸில் ஒரு பெயர். முதலில் லைசென்ஸை மாற்றுங்கள் என்றேன். பெயர் ஏறக்குறைய ஒத்துப்போனால் ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடலாம் என்று விதி உண்டு, ஆனால் 'ஃப்னூ' எதோடும் ஏறக்குறைய ஒத்துப்போகாது.

சிரிக்கிற விஷயம் மட்டுமில்லை. 2018ல் ஜார்ஜியாவில் பெயர், எண் மாதிரி விவரங்கள் எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்று சுமார் 53,000 பதிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதில் பத்துக்கு ஏழு கறுப்பர்களுடையவை. டெக்சாஸ் பூத்தில் துப்பாக்கி லைசென்ஸைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள், அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் அட்டை செல்லாது. யார் யாரிடம் எது இருக்கும் என்று தெரிந்தே எழுதிய பட்டியல் அது என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு அம்மா. எழுபது வயதுக்கு மேல், கும்பகோணம் பக்கம். மகனோடு வந்து பன்னிரண்டு வருடம் முன்பே சிட்டிசன் ஆகிவிட்டார். எம்.ஜி.ஆர். முதல்வரான 1977 தேர்தலிலிருந்து ஊரில் இருந்தவரை ஒன்றையும் விட்டதில்லையாம். இங்கே ஒரு முறைகூடப் போட்டதில்லை.

"ஏம்மா?"

"யாரும் கேக்கலையே தம்பி."

படிவத்தை நிரப்பினோம். ஆங்கிலத்துக்குப் பயந்தார். உதவிக்கு மகனை உள்ளே கூட்டிப் போகலாம், மத்திய சட்டம் அனுமதிக்கிறது என்றேன். மை எந்த விரலில் வைப்பார்கள் என்று கேட்டார். மை இல்லை, 'ஓட்டுப் போட்டேன்' என்று எழுதிய ஸ்டிக்கர் கொடுப்பார்கள் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "அழிஞ்சுடுமே" என்றார்.

15 நவம்பர் 2024

"இங்கேயெல்லாம் தலைக்கு ஐந்நூறு தருகிறார்கள், அங்கே அதுவும் இல்லாததால்தான் வரவில்லை" என்று ஒருவர் கிண்டல்.

இங்கே காபி கொடுத்தாலே வம்பு. 2008ல் ஒரு பெரிய காபிக் கடை, ஓட்டுப் போட்டேன் என்று சொல்பவர்களுக்கு இலவசக் காபி என்று விளம்பரம் செய்தது. ஓட்டுக்குப் பொருள் கொடுப்பது சட்டப்படி குற்றம் என்று யாரோ சொல்லவும், கேட்கிறவர் எல்லாருக்கும் காபி என்று மாற்றிக்கொண்டார்கள். ஜார்ஜியாவில் 2021 சட்டம், பூத் பக்கத்தில் வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுப்பதையும் தடுத்தது. ஆனால் இந்த வருடம் எலான் மஸ்க், போட்டி கடுமையான மாநிலங்களில் ஒரு மனுவில் கையெழுத்திட்ட, பட்டியலில் பெயர் உள்ள வாக்காளர்களில் தினம் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று அறிவித்தார். பென்சில்வேனியாவில் வழக்குப் போட்டார்கள், நீதிபதி தடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை விட இது சின்ன விஷயம் போலும்.

17 நவம்பர் 2024

மனைவி இந்த இழையைப் படித்துவிட்டாள். "சிகாகோ ஃபிளைட் எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

பதினொன்றரைக்கு. பூத் காலை ஏழு மணிக்குத் திறந்தது. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம், ஒரு தொடக்கப் பள்ளி.

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மணிக்கு விழித்துத்தான் இருந்தேன். பெட்டியைக் கட்டிவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டு, மிச்சிகன் எப்படியும் ஹிலாரிக்குத்தான், 1988க்குப் பிறகு அங்கே ரிபப்ளிகன் ஜெயித்ததே இல்லை, வரிசையில் நின்று விமானத்தைத் தவறவிடுவானேன் என்று நினைத்தேன். எட்டு வருடமாக "பயணம், பயணம்" என்று சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டிருக்கிறேன். மிச்சிகனில் டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் 10,704. இந்த எண் எனக்கு என் முதல் செல்போன் நம்பரை விட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நீ ஒருத்தன் போட்டிருந்தா 10,703 ஆகியிருக்கும், அவ்வளவுதான்" என்று தம்பி சொல்வான். அதுதான் சிக்கலே. ஆண்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1957லேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்: ஒரு ஓட்டால் முடிவு மாறும் வாய்ப்பு கடுகளவு, போய் வரும் சிரமம் அதைவிடப் பெரிது. அந்தக் கணக்குப்படி போடாதவர்தான் புத்திசாலி, போடுகிற பதினைந்து கோடிப் பேருக்குத்தான் விளக்கம் தேவை. கரூர்க்காரர் கேள்வியைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும்.

எலக்டோரல் காலேஜ் முறை, அதாவது ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் அங்கே ஜெயித்தவருக்கே அந்த மாநிலத்தின் பங்கு முழுவதும் போகிற ஏற்பாடு, இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. பெரும்பாலான மாநிலங்களில் முடிவு முன்பே தெரிந்துவிடும். 2000த்திலும் 2016லும் நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவர் தோற்றார். கலிபோர்னியாவில் ஒருவர் கூடுதலாகப் போட்டாலும் எண்ணில்தான் ஏறும். என்னோடு வேலை செய்கிறவர் பியூர்ட்டோ ரிக்கோக்காரர் (அமெரிக்காவுக்குச் சொந்தமான, ஆனால் மாநிலம் அல்லாத தீவு), பிறவியிலேயே அமெரிக்கக் குடிமகன். டெக்சாஸுக்கு வந்த பிறகு ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறார். அந்தத் தீவின் சான் வான் நகரில் இருக்கும் அவர் அம்மாவும் அதே குடியுரிமை உள்ளவர்தான், அவருக்கு அந்த ஓட்டு இல்லை. தீவில் இருக்கும் வரை கிடையாது, விமானம் ஏறினால் உண்டு.

எதிர் உதாரணமும் சொல்லிவிட வேண்டும். 2017ல் வர்ஜீனியா சட்டசபைக்கு நியூபோர்ட் நியூஸ் பகுதியில் ஒரு தொகுதி. மறு எண்ணிக்கையில் ஒரு ஓட்டு வித்தியாசம். பிறகு நீதிமன்றம் ஒரு சந்தேக ஓட்டைச் சேர்க்கச் சொல்ல, இருவருக்கும் சரியாக 11,608. 2018 ஜனவரி 4ஆம் தேதி ஒரு பீங்கான் கிண்ணத்தில் இரண்டு பெயர்களையும் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்த ஒரு இடத்தால் சபையே 51க்கு 49 ஆனது. அந்தத் தொகுதியில் அன்றைக்குப் பெட்டி கட்டிக்கொண்டு இட்லி சாப்பிட்டவன் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன்.

30 நவம்பர் 2024

தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. காருக்கு டயர் மாற்றப் போனேன். கடைக்காரர் கறுப்பர், அறுபதை நெருங்குகிறார், ஏழெட்டு வருடப் பழக்கம். ஓட்டுப் போட்டீர்களா என்றேன், இந்த இழை தலைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால். "என்னால் முடியாது, உள்ளே இருந்து வந்தவன்" என்றார். எனக்கு அது தெரியாது. தொண்ணூறுகளில் சிறை, பரோல் (இங்கே அது விடுதலைக்குப் பிறகு கண்காணிப்பில் இருக்கும் காலம்) முடிந்தது 2004ல். அதற்குப் பிறகு இருபது வருடமாக, ஆயுளுக்கும் ஓட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

தவறு. டெக்சாஸில் சிறை, பரோல், நன்னடத்தைக் காலம் எல்லாம் முடிந்துவிட்டால் மறுபடி பதியலாம். யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு விதி. மெய்ன், வெர்மான்ட் இரண்டிலும் சிறைக்குள் இருந்தே ஓட்டுப் போடலாம். ஃபுளோரிடாவில் 2018ல் மக்களே ஏறக்குறைய 65 சதவீத ஆதரவோடு இந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள், அடுத்த வருடமே சட்டசபை, கட்ட வேண்டிய அபராதம் எல்லாம் கட்டிய பிறகுதான் என்று ஒரு பூட்டுப் போட்டது. தண்டனை காரணமாக ஓட்டில்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 40 லட்சம் என்பது இந்த வருட மதிப்பீடு. இவர்கள் யாரும் நம் "64 சதவீத"க் கணக்குக்குள்ளேயே வருவதில்லை. உரிமை இருந்தும் இல்லை என்று நினைக்கும் டயர் கடைக்காரர் மட்டும் வருகிறார், "போடாதவர்" என்ற பக்கத்தில்.

படிவம் கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ஃபோர்ட் வொர்த் பெண் கதை தெரியுமா?" என்று கேட்டார். தெரியும். 2016ல் மேற்பார்வைக் காலம் முடியாத ஒரு பெண் தற்காலிக ஓட்டு (தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணுவது) ஒன்றைப் போட்டார். தனக்குத் தகுதி இல்லை என்பது தெரியாது என்றார். அந்த ஓட்டு எண்ணப்படவே இல்லை. ஐந்து வருடச் சிறை விதித்தார்கள். இந்த மார்ச்சில் மேல்முறையீட்டில் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. தண்டனைச் செய்தி டயர் கடைக்காரர் காதுக்கு வந்திருந்தது, விடுதலைச் செய்தி வரவில்லை.

அவருடைய அம்மா மிசிசிப்பிக்காரர். 1965 வாக்குரிமைச் சட்டத்துக்கு முன்பு அங்கே தகுதியுள்ள கறுப்பர்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பட்டியலில் இல்லை. பதியப் போனால் அரசியல் சாசனத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா என்று தீர்மானிப்பவர் குமாஸ்தா. பெயர் எழுதியது தெரிந்தால் வேலை போகும், சில நேரம் உயிரும். சட்டம் வந்து இரண்டே வருடத்தில் அந்த எண் 60ஐத் தொட்டது. 2013ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பல்லைப் பிடுங்கியது. பழைய தவறு செய்த மாநிலங்கள் விதியை மாற்றுமுன் அனுமதி கேட்க வேண்டும் என்பது போயிற்று.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டவன். அவர் வீட்டில் கேட்டு வளர்ந்தவர். பயப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

19 ஜனவரி 2025

என் முதல் பதிலை இன்னொரு முறை வெட்ட வேண்டியிருக்கிறது.

"பட்டியல்தான் தடுக்கிறது" என்று எழுதினேன். அப்படியென்றால் தடையை எடுத்தால் கூட்டம் வர வேண்டும். மின்னசோட்டாவைப் பார்த்தால் சரிதான். அங்கே எழுபதுகளிலிருந்தே தேர்தல் அன்றே பூத்தில் பதியலாம். விலாசச் சான்று இல்லையா, உங்கள் பூத்தைச் சேர்ந்த வாக்காளர் ஒருவர் "இவர் இங்கேதான் இருக்கிறார்" என்று கையெழுத்துப் போட்டால் போதும். இந்த முறை 76 சதவீதம். ஆனால் ஹவாய்? எல்லாருக்கும் வீட்டுக்கே வாக்குச்சீட்டு தபாலில் வருகிறது, அங்கேயும் அன்றே பதியலாம். பாதிப் பேர்தான் போட்டார்கள். அங்கே பூத் மூடும்போது நியூயார்க்கில் நள்ளிரவு. கல்யாணம் முடிந்த பிறகு வந்த அழைப்பிதழ் மாதிரி. ஆக வசதி மட்டும் போதாது. சிரமம் போனால் வருகிற கூட்டம் கொஞ்சம், அழைத்தால் வருகிற கூட்டம் வேறு.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006 ஆகஸ்ட், மிச்சிகன் ப்ரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல். ஆய்வாளர்கள் சில வீடுகளுக்குக் கடிதம் அனுப்பினார்கள். அந்த வீட்டிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் போன தேர்தல்களில் யார் ஓட்டுப் போட்டார், யார் போடவில்லை என்ற பட்டியல். தேர்தல் முடிந்ததும் திருத்திய பட்டியல் எல்லாருக்கும் வரும் என்ற குறிப்பு. யாருக்குப் போட்டார் என்பது ரகசியம், போட்டாரா இல்லையா என்பது இங்கே பொதுத் தகவல். கடிதம் போகாத வீடுகளில் சுமார் 30 சதவீதம், போன வீடுகளில் 38. ஒரு துண்டுக் காகிதத்துக்கு எட்டுப் புள்ளி.

படித்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. நம் விரல் மை அந்தக் கடிதம்தானே? கள்ள ஓட்டைத் தடுக்க வைத்தது, ஆனால் வேறு வேலையும் செய்கிறது. மறுநாள் பஸ்ஸில், டீக்கடையில், ஆபீஸில் எல்லார் கண்ணும் விரலுக்குத்தான் போகும். மை இல்லாத விரல் பதில் சொல்ல வேண்டும். போதாததற்கு மத்தியானம் மூன்று மணிக்குப் பூத் ஏஜென்ட் பட்டியலைப் பார்த்து "அக்கா இன்னும் வரலையே" என்று வீட்டுக்கே பையனை அனுப்புவார். கும்பகோணத்து அம்மா "யாரும் கேக்கலையே" என்றது இதைத்தான். நான்தான் இரண்டு மாதம் பட்டியல், செவ்வாய், லைசென்ஸ் என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

இங்கேயும் கட்சிக்காரர்கள் கதவைத் தட்டுகிறார்கள், ஆனால் யார் கதவை? ஒழுங்காக ஓட்டுப் போடுகிறவர் கதவைத்தான். கணினியில் பட்டியல் எடுக்கும்போதே போடாதவரைக் கழித்துவிடுகிறார்கள். அவருக்குப் போன் வராது, கடிதம் வராது, அதனால் அடுத்த முறையும் போட மாட்டார். வாடகை வீட்டுக்காரர், இளைஞர், ஏழை எல்லாரும் இப்படியே கழிகிறார்கள். முதியவர்களில் முக்கால்வாசிப் பேர் போடுகிறார்கள், 25 வயதுக்குள் இருப்பவர்களில் பாதிகூட இல்லை. நம் ஊரில் நேர்மாறு. 2021ல் கரூர் 83ஐத் தாண்டியபோது சென்னை 59. அடையாற்றுக்காரர்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

(கும்பகோணத்து அம்மா நவம்பரில் போட்டாராம். மகன் சொன்னார். ஸ்டிக்கரை சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாராம்.)

4 மே 2025

நேற்று எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்துக்கும் நகர மன்றத்துக்கும் தேர்தல். நான் கட்டும் சொத்து வரியில் பெரிய பங்கை முடிவு செய்கிறவர்கள்.

மறந்துவிட்டேன். சனிக்கிழமை, காலையில் பெண்ணுக்குப் பாட்டு வகுப்பு, மாலையில் ஒரு வளைகாப்பு. வளைகாப்பில் நாற்பது பேர் இருந்தோம். ஒருவர் சட்டையிலும் ஸ்டிக்கர் இல்லை, ஒருவரும் பேச்சை எடுக்கவில்லை. விமானம் கூட இல்லை இந்த முறை.

6 நவம்பர் 2025

முந்தாநாள் டெக்சாஸில் மாநில அரசியல் சாசனத் திருத்தங்கள், மொத்தம் 17. வேட்பாளர் பெயரே இல்லாத வாக்குச்சீட்டு. முன்கூட்டியே போய்ப் போட்டேன், மனைவி நாலு முறை கேட்டதால். எங்கள் பூத்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் யாரும் இல்லை. பதினேழில் ஐந்துக்கு அர்த்தம் புரிந்து போட்டேன் என்று சொன்னால் அதிகம்.

அதே செவ்வாய்க்கிழமை நியூயார்க்கில் மேயர் தேர்தல். 2021ல் பதினொரு லட்சம் பேர் பக்கம் போட்டார்கள், இந்த முறை இருபது லட்சத்தைத் தாண்டியது, 1969க்குப் பிறகு முதல் முறை. கிழமையும் மாறவில்லை, பட்டியல் விதியும் பெரிதாக மாறவில்லை. தெருத் தெருவாக ஆள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

டயர் கடைக்காரர் பதிந்துவிட்டார், ஜூலையில். படிவத்தை மூன்று முறை கொண்டுபோனேன், மூன்றாம் முறைதான் கையெழுத்து. கார்டு வந்ததும் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். திங்கட்கிழமை கடைக்குப் போய் நாளைக்கு வருகிறீர்களா என்றேன். 17 கேள்வியையும் போனில் காட்டச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் நாலைப் படித்தார். "இதில் ஆள் யாரும் நிற்கவில்லையே" என்றார். மார்ச்சில் ப்ரைமரி வருகிறது, அப்போது பார்க்கலாம் என்றார். எரிச்சல் வந்தது. மே மாத வளைகாப்பு ஞாபகம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு ரசீதை வாங்கிக்கொண்டேன்.

கரூர்க்காரருக்கு ஒன்று. நீங்கள் இந்த இழைப் பக்கம் வந்து மாதக்கணக்கில் ஆகிறது. தஞ்சாவூரிலிருந்து அம்மா நேற்று போன் செய்தாள். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் அங்கே நவம்பர் 4ஆம் தேதி ஆரம்பித்திருக்கிறதாம். படிவம் வந்திருக்கிறது, நிரப்பிக் கொடுக்க வேண்டுமாம், பழைய பட்டியலில் பெயர் எங்கே இருந்தது என்று கேட்டிருக்கிறதாம். "2002ல நாம எந்தத் தெருவுல குடியிருந்தோம்? மேல வீதியா, இல்ல அப்பவே இங்க வந்துட்டமா?" என்று என்னைக் கேட்கிறாள். எனக்கும் நிச்சயமில்லை. இரவு இரண்டு மணி வரை பழைய பட்டியலை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். அப்பா பெயர் மாதிரி ஒன்று கிடைத்தது, ஒரு எழுத்து பிசகி, கதவு எண்ணும் வேறு. இன்றைக்கு மறுபடி தேட வேண்டும்.